வழிப்போக்கனும் எமது அறமும்

யாழ்ப்பாணத்தின் பழைய தெருக்களில் நடப்போர் சில கற்களையும் கட்டடங்களையும் இன்றும் காணலாம். தலைச்சுமையைப் பிறர் துணையின்றி இறக்கவும் ஏற்றவும் ஏற்ற உயரத்தில் எழுப்பப்பட்ட சுமைதாங்கி ஒன்று. கால்நடைகள் உடம்பைத் தேய்த்து ஆறுதல் பெறுவதற்கென நாட்டப்பட்ட ஆவுரஞ்சிக் கல் மற்றொன்று. பருத்தித்துறையிலோ தெருவையே கூரைக்குள் அடக்கி, இருமருங்கும் திண்ணை அமைத்த தெருமூடிமடம் இருக்கிறது. கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நாட்டுவது எம்மவர் வழக்கம். முன்பின் அறியாத ஒருவனின் பாரத்தை இறக்கி வைப்பதன் மூலம் தம் வீட்டுத் துயரை ஆற்றிக்கொள்ள முயன்ற அந்த மனப்பண்பை நாம் இலேசாக மதித்துவிட முடியாது.

ஆயினும் பழம்பெருமை பேசுவதோடு நின்றுவிடுதல் ஆராய்ச்சியாகாது. இந்த அறத்தின் எல்லை எங்கே முடிந்தது என்றும் கேட்க வேண்டும். இதே மண்ணிலேதான் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமை சாதியின் பெயரால் மறுக்கப்பட்டது. தேநீர்க் கடைகளில் ஒரு சாராருக்குப் புறம்பான பாத்திரங்கள் வைக்கப்பட்டிருந்தன. 1957 ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னரும், கடைக்கதவுகளையும் கோவிற் கதவுகளையும் திறப்பதற்கு 1966 ஆம் ஆண்டில் எழுந்த வெகுசனப் போராட்டம் தேவைப்பட்டது. மாட்டின் தினவு தீரக் கல் நாட்டிய சமுதாயம், தாகத்தோடு வந்த மனிதனுக்குச் செம்பை நீட்டுமுன் அவன் யார் என்று கேட்டது. புண்ணியம் தேடிச் செய்யும் தருமத்தின் குறைபாடு இதுவே. அங்கே கொடுப்பவனின் கண் தன் கணக்கின்மேல் இருக்கிறதேயன்றிப் பெறுபவனின் பசியின்மேல் இல்லை.

அப்படியாயின் வழியின் அறத்தை யாரிடம் கற்பது? வழியிலேயே வாழ்ந்தவரிடம் கற்கலாம் என்பது எமது எண்ணம். பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து. அவற்றுட் பொருநர், பாணர், கூத்தர் பற்றியவை நிலமும் வீடுமின்றி யாழும் முழவும் சுமந்து ஊரூராக நடந்த கலைஞரின் வாழ்வைக் காட்டுவன. பரிசில் பெற்று மீளுபவன், வறுமையோடு எதிர்வருபவனை மறித்து, எந்த வழியாற் செல்ல வேண்டும், இடையில் எயினரும் இடையரும் உழவரும் வலைஞரும் என்ன உணவு தருவர் என்றெல்லாம் விரித்துரைக்கிறான். இப்பகுதியைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன், “சேர், வள்ளல் இருக்கிற இடத்தை மற்றவனுக்குச் சொன்னால் இவனுக்கு அடுத்த முறை குறைந்துபோகாதா?” என்று கேட்டான். போட்டிப் பரீட்சையில் வளரும் பிள்ளையின் நியாயமான கேள்வி அது. குறையலாம் என்றே நாம் விடை கூறினோம். குறையலாம் என்று தெரிந்தும் சொன்னானே, அதுதான் ஆற்றுப்படை என்றோம்.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் இன்னும் ஒரு படி மேலே செல்கிறான். ஊரால் விரட்டப்பட்டு மதுரையில் ஓர் அம்பலத்திற் தங்கும் அவன், வீடுதோறும் பிச்சை ஏற்று, குருடரையும் செவிடரையும் முடவரையும் நோயாளரையும் அழைத்து ஊட்டியபின் எஞ்சியதையே உண்கிறான். பிச்சையோட்டையே தலையணையாக வைத்துத் துயில்கிறான். நயினாதீவே என்று பலர் கருதும் மணிபல்லவத்தில் மணிமேகலை பெற்ற அமுதசுரபி அவன் கைப்பாத்திரமே. அப்பாத்திரத்தோடு காவிரிப்பூம்பட்டினம் சென்றவள் அரசனை வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினாள்.

எமது நாட்டுக்கு வந்த ஆங்கில ஆட்சி இதற்கு மறுதலையான காரியத்தைச் செய்தது. 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், பிழைப்புக்கு வழிகாட்ட இயலாமற் பிறர் விறாந்தையிலும் கொட்டிலிலும் படுத்துறங்குபவனைக் குற்றவாளியாக்கிற்று. வீடில்லாமை தண்டனைக்குரிய செயலாயிற்று. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் வேண்டித் தமிழகத்து ஏழைகள் கூட்டங் கூட்டமாகத் தெருவில் இறக்கப்பட்ட காலமும் அதுவே. மன்னார்க் கரையில் இறங்கியோர் காட்டினூடாக நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியில் மடிந்தோர் பல்லாயிரவர். தலைமன்னாருக்கு 1914 ஆம் ஆண்டிலேதான் புகையிரதம் ஓடிற்று. அம்மக்களின் சந்ததியாரிற் பெரும்பாலோரை 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. தோட்டத் துரைக்காக நடந்தவன் தொழிலாளி, தனக்காக நடந்தவன் சோம்பேறி என்பதே அக்காலத்து நீதி. நடையில் வேறுபாடில்லை, இலாபம் யாருக்கு என்பதில்தான் வேறுபாடு.

தெரு ஏழைகளுக்கு மட்டுமே உரியது என்று நினைத்திருந்த எமது நடுத்தர வர்க்கத்தாருக்கும் ஒருநாள் பாடம் கிடைத்தது. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி, வலிகாமத்திலிருந்து தென்மராட்சியை நோக்கி இலட்சக்கணக்கான மக்கள் மழையில் நடந்தனர். காணி உறுதியை மடியிற் கட்டியிருந்தவரும் உறுதியே அறியாதவரும் ஒரே பாலத்தில் நெருக்குண்டனர். அன்று படலைகள் திறந்தன. பள்ளிக்கூடங்களும் கோவில்களும் நிறைந்தன. ஒரு வீட்டில் பல குடும்பங்கள் அடுப்பு மூட்டின. ஆயினும் கிணற்றடியிற் சாதி விசாரித்தவர்கள் அன்றும் இருந்தனர் என்று எமது மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். எல்லாம் இழந்து நின்ற வேளையிலும் அந்தக் கேள்வியை மட்டும் சிலர் சுமந்து வந்திருக்கின்றனர்.

இரக்கம் ஒன்றே வீடில்லாமையைத் தீர்த்துவிடும் என்று நாம் மயங்கவில்லை. காணியும் கூலியும் குடியிருப்பும் நீதியாகப் பங்கிடப்படும்வரை தெருவிற் கிடப்பவர் குறையமாட்டார். அதற்கான போராட்டமே முதன்மையானது. ஆனால் அந்நாள் வரும்வரை பஸ் நிலையத் திண்ணையிற் படுத்திருப்பவன் காத்திருக்க முடியாது. அவனுக்கு இன்றே பசிக்கிறது. அவனுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்கும்போது ஊர், பேர், சாதி, சமயம், பிழைப்பு எதனையும் நாம் விசாரிக்காதிருத்தல் வேண்டும். ஏன் அவன் அங்கே கிடக்க நேர்ந்தது என்ற கேள்வியை அவனிடமன்றி, அவனை அங்கே கிடத்திய அமைப்பிடம் கேட்க வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்துச் செய்யும் ஆண்களையும் பெண்களையும் வகுப்பறையில் உருவாக்குவது ஆசிரியராகிய எமது கடமை. ஆற்றுப்படையைப் பரீட்சைக்கு மட்டும் படிப்பித்துவிட்டுப் போவோமாயின் நாம் பெற்ற கல்வியால் எவருக்கு என்ன பயன்?