முதுகுச் சுமையும் பொதுக் கணக்கும்

முதுகுப் பையோடு அயல்நாடு சுற்றுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தனியாகச் சென்றவர்களாகவே இருக்கிறார்கள். நண்பர்களோடு சென்றவர்கள் ஏன் அதிகம் எழுதுவதில்லை என்பது, 2018 மே மாதம் கம்போடியா சென்று வந்தபின் எனக்கு ஓரளவு விளங்கியது.

நாங்கள் நால்வரும் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டுகள் எங்கள் நட்பு திருமண வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலுமாக நடந்தது. இரண்டு மணி நேரம் பேசுவோம். அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். அந்தப் போய்விடுதல் இல்லாத பத்து நாள்களை நாங்கள் அறிந்ததில்லை.

தொடக்கம் இனிதாகவே இருந்தது. பாங்காக்கிலிருந்து எல்லையூருக்கு மூன்றாம் வகுப்பு ரயிலில் 48 பாட்தான் கட்டணம். ஆறு மணி நேரம் திறந்த சன்னலில் வயல்களைப் பார்த்துக்கொண்டு, விடுதிப் பாட்டுகளையெல்லாம் பாடித் தீர்த்தோம். ஊரின் பெயர் அரண்யப்பிரதேத். நமக்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அங்கிருந்து நடந்தே எல்லையைக் கடந்தோம். (2025இல் இரு நாட்டுப் படைகளும் மோதிக்கொண்டதையொட்டி அவ்வெல்லை அடைக்கப்பட்டது.)

சரிவு சியம் ரியப்பில் தொடங்கியது. எட்டுப் படுக்கைகள் கொண்ட அறை. மே மாத வெக்கை. சைவ உணவு மட்டுமே உண்ணும் நண்பருக்கு எந்தக் குழம்பைக் கண்டாலும் 'பிரஹோக்' என்னும் புளித்த மீன் விழுது அதில் இருக்குமோ என்ற அச்சம். வாழைப்பழமும் வெறுஞ்சோறுமாகக் காலந்தள்ளினார். பொதுப்பணம் வங்கியில் பணியாற்றும் நண்பரிடம் இருந்தது. தண்ணீர் பாட்டில் வரை குறிப்பேட்டில் ஏறியது.

அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62. கடை வைத்திருக்கும் நண்பர் ஒரு நாளே போதும் என்றார். பந்தியாய் ஸ்ரெய் கோயிலைப் பார்க்காமல் திரும்புவதாக நான் இல்லை. அது நகரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு மேல். டுக்டுக் வாடகை தனி. "வேணும்னு கேக்கறவன் கணக்குலயே எழுதிடட்டுமா?" என்றார் வங்கி நண்பர். கேள்வியில் பிழையில்லை. ஆனால் செலவே வேண்டாமென்ற கடைக்கார நண்பர்தாம் வெகுண்டார்: "மூணாவது வருஷம் உன் மெஸ் பில்ல நான் கட்டுனேனே, அத எந்த நோட்டுலடா எழுதி வச்சேன்?" அறையில் வேற்று நாட்டார் நால்வர் உறங்கிக்கொண்டிருந்தனர்; ஆகவே தாழ்ந்த குரலில்தான் சொன்னார். உரக்கச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் நால்வரும் பேச்சற்றுப் போனோம். பந்தியாய் ஸ்ரெய் 967இல் குடமுழுக்குக் கண்டது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நாற்பதாண்டுகளேனும் மூத்தது. அங்கோர் வாட்டின் பரப்போடு ஒப்பிட்டால் சிறுவீடுதான். செந்நிற மணற்கல்லில் மரத்தைக் கடைந்ததுபோன்ற நுண்மை. வாயில் முகப்பு ஒன்றில் சிவன் ஆடுகிறான். அவன் காலடியில் என்பு தெரியும் மேனியும் வற்றிய முலையுமாக ஒரு பெண். காரைக்காலம்மையார் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காட்டும் உரு. சேக்கிழார் பாடுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே கடல் கடந்து வந்து அமர்ந்திருக்கிறார்! ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற பாடம். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ஊனுடம்பு உதறிப் பேய்வடிவு வேண்டிய கதையை நண்பர்களுக்குச் சொல்லத் தொடங்கினேன்.

"எங்கம்மா கடைசி ரெண்டு மாசம் இப்படித்தான்டா இருந்தா" என்றார் வங்கி நண்பர்.

கதையை அத்துடன் நிறுத்திக்கொண்டேன். அந்த அம்மையாரின் சாவுக்கு நாங்கள் மூவரும் போயிருந்தோம். மாலை போட்டோம், இரண்டு மணி நேரம் இருந்தோம், பேருந்தைப் பிடித்தோம். அந்த இரண்டு மாதங்களைப் பற்றி எவரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அங்கே, சுற்றுலாக் கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு நகர, அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைக்கார நண்பர் அவர் தோளிலிருந்த பையை வாங்கித் தம் தோளில் மாட்டிக்கொண்டார்.

திரும்பியதும் டுக்டுக் வாடகையைக் கொடுத்தவரும் அவரே. அது குறிப்பேட்டில் ஏறியதா என்று நான் பார்க்கவில்லை. மெஸ் பணத்தைப் பற்றி மட்டும் அவர்கள் இருவரும் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை.