பாக்கி

பெரம்பலூரில் ஒருத்தருக்கு நான் பாக்கி வைத்திருந்தேன். பணம் கொஞ்சம்தான். மற்ற பாக்கி என்னவென்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

2005-லிருந்து மூணு வருஷம் அங்கே நிருபர் வேலை. ஊரில் ரயில் கிடையாது. ரயிலேற அரியலூருக்குத்தான் போகணும், சிமென்ட் லாரிகளின் புழுதியைத் தின்றுகொண்டே. அந்த அரியலூரை 2001-ல் தனி மாவட்டமாக்கி, 2002-ல் திரும்பச் சேர்த்து, 2007-ல் மறுபடி பிரித்தார்கள். ஆக, செய்திக்குப் பஞ்சமில்லை. ராத்திரிப் பொழுது போகத்தான் பஞ்சம்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சி.டி. கடை. அதை வைத்திருந்த அண்ணன் டெக் காலத்து ஆள். காதுகுத்து வீடுகளுக்கு டி.வி.யையும் டெக்கையும் கொண்டுபோய் விடிய விடிய படம் ஓட்டினவர். ‘‘மொதல்ல சாமி படம் தம்பி. அப்புறம் எம்.ஜி.ஆர். இல்லேன்னா ரஜினி. மூணாவது படம், அந்நேரம் எவன் முழிச்சிருக்கானோ அவன் கேக்குறது’’ என்பார். எந்த ஃபிலிம் சொஸைட்டியிலும் இப்படி ஒரு திட்டமிடலை நான் பார்த்ததில்லை.

மேஜைக்கு மேலே எல்லாம் ஒரிஜினல். மேஜைக்குக் கீழே நான் குனிந்து பார்த்ததில்லை. திருட்டு வீடியோ ஆசாமிகளை 2004-லேயே குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவர் கையைக் காட்டித்தான் நிறைய பார்த்தேன். ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தைத் தியேட்டரில் பார்த்தவர்கள் பாதிப் படத்தைத்தான் பார்த்தார்கள் என்று அடித்துச் சொல்வேன். ஒரு ஜோக்குக்கு ஜனங்கள் சிரித்து முடிப்பதற்குள் கிரேஸி மோகன் அடுத்த ரெண்டைத் தாண்டிப் போயிருப்பார். ரிமோட்டில் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தபோதுதான் சமையல்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழே எனக்கு முழுசாகக் காதில் விழுந்தது. ‘மகாநதி’ நேர் எதிர். மகத்தான படம், ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ரெண்டாவது டிஸ்க்கைப் போட எனக்குக் கை வரவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் காரணம் கேட்கவில்லை.

‘மர்மதேசம்’ சமாசாரம் வேறு. நாகா இயக்கி, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய அந்தத் தொடரில் ‘விடாது கருப்பு’ வந்தபோது வாரம் ஒரு நாள்தான். மிச்ச ஆறு நாளும் குதிரைக் குளம்பொலி நம் தெருவில் கேட்கும். எல்லைச்சாமி குதிரை நிற்கும் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிற்பாடு யூடியூபில் ஒரே மூச்சில் ஏழெட்டு பாகம் பார்த்தேன். கதை இன்னும் கெட்டி. பயத்தை மட்டும் காணோம். அந்த ஆறு நாளில்தான் பயம் இருந்திருக்கிறது போல.

இப்போது ‘அன்பே சிவம்’. 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் படுத்த படம். கடையில் அது மட்டும் அலமாரியில் நிற்காது. எப்போதும் யாரோ ஒருத்தர் வீட்டில்தான் இருக்கும். ஃப்ளாஷ்பேக் கொஞ்சம் இழுவைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழையில் விமானம் ரத்தாகி புவனேஸ்வரில் மாட்டிக்கொண்ட கமலும் மாதவனும் சண்டை போட்டுக்கொண்டே ஊர் திரும்புகிற கதையை, ராத்திரி பதினொரு மணிக்கு வாடகை அறையில் தனியாகப் பார்க்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுப் பேச்சு நின்றுபோன சிநேகிதனுக்குப் போன் போட்டேன். டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

2007-ல் மோசர் பேர் கம்பெனி வி.சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என்று இறக்கியது. அப்போது அரசாங்கத்தின் இலவச கலர் டி.வி. வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த சமயம். எனக்குத் தலைகால் புரியவில்லை. திருட்டு வி.சி.டி. செத்தது, ஏழை வீட்டிலும் இனி சொந்தமாக ஒரு பட அலமாரி என்று பக்கம் நிறைய எழுதித் தள்ளினேன்.

நான் பி.காம். படித்தவன். கணக்கு தெரியாமல் எழுதவில்லை. அண்ணன் ஒரு செட் வாங்கிய விலை 120 ரூபாய். ஒரு நாள் வாடகை 10 ரூபாய். பன்னிரண்டு கை மாறினால் முதல் தேறும், பதிமூன்றாவது கையிலிருந்துதான் சோறு. மூணு நாள் வாடகைக்குப் படமே சொந்தம் என்றால் நாலாவது நாள் யார் வருவார்கள்? இந்தக் கணக்கை ஒரே ஒரு வரியாவது நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

கட்டுரை வந்த அன்று கடைக்குப் போனேன். பத்திரிகை மேஜை மேலேயே கிடந்தது. ‘‘நல்லா எழுதியிருந்தீங்க தம்பி’’ என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்கு இத்தனை வருஷம் உறுத்தியிருக்காது.

மறு வருஷம் எனக்கு மாற்றல். கடை மூடியதைக் கேள்விப்பட்டதோடு சரி. அந்த 28 ரூபாய் கம்பெனியும் நிலைக்கவில்லை. 2008-ல் ‘பூ’ மாதிரி ஒரு நல்ல படத்தைத் தயாரித்தவர்கள்தான், 2018-ல் திவாலாகிக் கலைப்புக்குப் போய்விட்டார்கள். இன்றைக்குப் படம் பார்க்க டிஸ்க்கும் வேண்டாம், கடையும் வேண்டாம். எதை முதலில் பார்க்கணும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

போன வருஷம் அரியலூரில் ஒரு கல்யாணம். பெரம்பலூரில் இறங்கித் தேடிப் போனேன். அதே இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை. அண்ணனுக்குத் தலை முழுக்க நரை. பார்த்ததும் தெரிந்துகொண்டார். அடி டிராயரைக் குடைந்து பழைய நோட்டை எடுத்தார். என் பேர்கூட இல்லை. ‘நிருபர் தம்பி, அன்பே சிவம், வரவில்லை’ என்றிருந்தது.

பையிலிருந்த டிஸ்க்கை எடுத்து வைத்தேன்.

‘‘இத எதுல போட்டுப் பாக்குறது? நீங்களே வச்சுக்குங்க. வாடகை பத்து ரூவா மட்டும் குடுங்க.’’

500 ரூபாயை நீட்டி, மீதி வேண்டாம் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. கல்லாவைத் திறந்து 490 ரூபாயை எண்ணி என் கையில் வைத்துவிட்டு, பேனாவை எடுத்து நோட்டில் அந்த வரியை அடித்தார்.