பாத்திக்கு வாய்த்த துணை

கொச்சியில் மட்டாஞ்சேரியை அடுத்துள்ள சுள்ளிக்கல், சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நிற்கும் நெருக்கமான ஸ்தலம். அங்கே ஒரு வீட்டின் பின்புறத்து மணற்பாங்கான நிலத்தில், தலைமுறைகளாகக் கொச்சியிலேயே வாழும் தமிழ்க் குடும்பத்து மூதாட்டி ஒருவரும் அண்டை வீட்டுப் பெண்கள் சிலரும் கூடிக் காய்கறி பயிரிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, மழை ஓய்ந்த ஒரு காலை வேளையில் சென்றேன். கத்தரி, வெண்டை, தக்காளியின் பசுமைக்கு நடுவே செண்டுமல்லி பொன்னிறமாகப் பூத்திருந்த அந்தச் சௌந்தர்யம், நன்கு ஆலோசித்துச் செய்த தேர்வின் பலன் என்பது அவர்களோடு பேசியபோது விளங்கிற்று.

"ஓணத்துக்கும் உதவுமே, காசித்தும்பையும் நடலாமே அம்மா?" என்று கேட்டேன்.

"அழகுதான் தம்பி. ஆனா அதோட வேர்ல முடிச்சு விழும். அப்புறம் பக்கத்துல இருக்கிற கத்தரியும் வெண்டையும் தேறாது" என்று கூறியவர், ஓரத்தில் நின்ற காசித்தும்பை ஒன்றைப் பிடுங்கி மண்ணை உதறி, மணிமணியாக வீங்கியிருந்த வேர்களை என் கையில் வைத்தார். வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது. செம்பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பத்தவை. ஒன்றில் அடைந்த மாவுப்பூச்சி மற்றதிலும் ஏறும் என்பதால், செம்பருத்தியை வாசலோடு நிறுத்தியிருந்தார்கள்.

செண்டுமல்லிக்கு அவர்கள் தந்திருந்த ஸ்தானமே வேறு. அதன் வேரில் ஊறும் ஆல்பா-டெர்தயனில் என்னும் ரசாயனம் நூற்புழுவுக்கு விஷமாதலின், முந்திய போகத்தில் அதை அடர்த்தியாக வளர்த்த பாத்தியிலேயே இப்போது கத்தரி நின்றது. தக்காளிக்கோ அது பொறி. காய்த்துளைப்பான் அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டை நாடி முட்டையிடும். 16 வரிசைத் தக்காளிக்கு 1 வரிசைச் செண்டுமல்லி என்பதும், 25 நாள் தக்காளி நாற்றோடு 45 நாள் செண்டுமல்லி நாற்றை நட்டால் இரண்டும் ஒருங்கே பூக்கும் என்பதும் பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறை. மூதாட்டி ஒரு மொட்டைப் பிளந்து, உள்ளே சுருண்டிருந்த இளம்புழுவை எடுத்து நசுக்கினார். பொறி வைப்பதோடு கடமை முடிவதில்லை. நாள்தோறும் மொட்டுகளைச் சோதித்துப் புழுவை அழிக்காவிடில், துணையாக வந்த பூவே பகைக்குப் பிறப்பிடமாகிவிடும்.

இதே கொச்சியில் டச்சுக் கவர்னராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய சுதேச வைத்தியர்களின் மூலிகை ஞானத்தைக் கேட்டறிந்து தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. எந்தச் செடி எதனோடு இணங்கும், எது எதற்கு ஆகாது என்று கைப்பழக்கத்தால் தேர்ந்த இப்பெண்களின் அறிவும் அத்தகைய சிரத்தையோடு கேட்டு எழுதப்பட வேண்டியது என்பதே என் திடமான அபிப்பிராயம். பூவின் வர்ணத்தைக் கண்ணால் எவரும் தேரலாம். அதன் வேரையும் உறவையும் பருவத்தையும் அறிந்து தேர்வதே தோட்டக் கலை.