ஏழரைக்கு நின்ற பெட்டிகள்!

பெண் பார்க்கப் போன இடத்தில், சொஜ்ஜியும் பஜ்ஜியும் உள்ளே போன பிறகு பெண்ணின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"சேதராப்பட்டுல வேலைன்னு சொன்னாங்க. கம்பெனியில என்ன பண்றீங்க தம்பி?"

உண்மையைச் சொல்வதா, நல்ல பேர் வாங்குவதா என்று ஒரு விநாடி தடுமாறினேன். உண்மை ஜெயித்துவிட்டது.

"மத்தவங்க எழுதின சாஃப்ட்வேர் இருக்குல்ல சார்... அதுல 2.4.7-னு இருக்கறதை 2.4.9-னு மாத்துவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். சில சமயம் அதுக்கு நாலு மாசம் ஆகும்."

ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். எனக்குத் தெரியும், பொருந்தாதது ஜாதகம் இல்லை.

சேதராப்பட்டு தெரியாதவர்களுக்கு... புதுச்சேரியிலிருந்து மயிலம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் வழியில் வரும் ஊர். வில்லியனூர் கொம்யூன். தொழிற்பேட்டை இருப்பதால் ஷிஃப்ட் விடும் நேரத்தில் ரோட்டில் சைக்கிளும் பைக்குமாகத்தான் இருக்கும். கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் நடந்தால் மறுபடி புதுச்சேரியா என்று சந்தேகம் வரும். அந்தப் பேட்டையில் ஒரு சின்ன ஷெட்டில்தான் எங்கள் கம்பெனி. பெயர் வேண்டாம். சம்பளம் இன்னும் அங்கேதான் வருகிறது.

நாங்கள் செய்வது ஒரு பெட்டி. டிபன் பாக்ஸ் அளவுதான். பம்ப் செட் கொட்டகையில் மாட்டிவிட்டால், கரண்ட் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா என்று விவசாயியின் போனுக்குச் சொல்லும். நடுராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு, பாம்புக்கு பயந்துகொண்டு வயலுக்குப் போக வேண்டாம். உள்ளே ஒரு குட்டி கம்ப்யூட்டர், ஒரு சிம் கார்டு. கம்ப்யூட்டரில் லினக்ஸ்.

லினக்ஸ் என்றால் உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பது மாதிரி ஊர்ப்பட்ட சமாசாரத்தோடு இல்லை. எங்கள் முதல் செட் பெட்டிகளில் மொத்த இடமே 16 எம்.பி.தான். உங்கள் கல்யாண வீடியோவில் தாலி கட்டுகிற சீன்கூட அதில் அடங்காது. ஆகவே என்னென்ன வேண்டுமோ அதை மட்டும் பொறுக்கி எடுத்து, பெட்டிக்குத் தகுந்த மாதிரி சமைத்து, ஒரே பொட்டலமாகக் கட்டி உள்ளே தள்ள வேண்டும். இதைச் செய்து தருவதற்கென்றே சில சாதனங்கள் உண்டு. யாக்டோ என்று ஒன்று. பெரிய கல்யாண கான்ட்ராக்டர். நாங்கள் வைத்திருப்பது பில்ட்ரூட், வீட்டுச் சமையல். 2001-லிருந்து இருக்கிறது. வருஷத்துக்கு நாலு வெளியீடு: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். பிப்ரவரியில் வருவதற்கு ஆயுசு கொஞ்சம் கெட்டி. கூடுதல் காலத்துக்கு ஓட்டை அடைத்துத் தருவார்கள்.

அடிப்படையில் அது ஒரு மளிகை லிஸ்ட்தான் சார். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சீட்டு. எந்த வெர்ஷன், எந்தக் கடையில் வாங்குவது, எப்படிச் சமைப்பது என்று ஒரு கோப்பில் எழுதியிருக்கும். வாங்கி வந்தது அசல்தானா என்று பார்க்க இன்னொரு கோப்பில் அதன் கைரேகை இருக்கும். 'ஹாஷ்' என்பார்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கைரேகை மாறிவிடும்; உள்ளே விடாது. 2.4.7-ஐ 2.4.9 ஆக்குவது என்றால் சீட்டில் நம்பரை மாற்றி, புதுக் கைரேகையை எழுதி, 'மேக்' என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

திரும்பி வந்து பார்த்தால் ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பாக இருக்கும். அது வேறு விஷயம்.

நான் 2019-ல் சேர்ந்தபோது பெட்டிக்குள் இருந்தது 2017 பிப்ரவரி பில்ட்ரூட். எனக்கு முன்னால் இருந்த சீனியர் அண்ணன் அமைத்தது. அவர் சிங்கப்பூர் போய்விட்டார். "அப்கிரேடு பண்ணலாமா சார்?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"ஓடுற மோட்டாரை எவனாவது பிரிப்பானா தம்பி?"

நியாயம்தானே என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டு வருஷம் சுகமாகப் போனது.

2021 செப்டம்பர் 30, வியாழக்கிழமை. சாயங்காலம் மணி ஏழரை.

ஏழரை! எந்த ஜோசியராவது முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

43 பெட்டிகளும் பேச்சை நிறுத்திவிட்டன. ஒன்றுகூட பாக்கியில்லை. சிம்மில் காசு இருக்கிறது, டவர் இருக்கிறது, சர்வர் உயிரோடு இருக்கிறது. பெட்டி மட்டும் சர்வரைப் பார்த்து, "நீ யாரு? உன்னை எனக்குத் தெரியாது" என்கிறது.

விஷயம் இதுதான். ரகசியமாகப் பேசுவதற்கு முன்னால் சர்வர் ஒரு சான்றிதழ் காட்டும். 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்ற அமைப்பு அந்தச் சான்றிதழை உலகத்துக்கே இலவசமாகக் கொடுக்கிறது. அது புதிதாக வந்தபோது அதை யாருக்கும் தெரியாது. அதனால் ஏற்கெனவே பேர் பெற்ற ஒரு பெரியவரின் கையெழுத்தையும் சேர்த்து வாங்கி வைத்திருந்தார்கள். டி.எஸ்.டி. ரூட் எக்ஸ்-3 என்று பேர். அந்தப் பெரியவரின் ஆயுசு அன்றைக்கு, நம் நேரப்படி ஏழு மணி முப்பத்தொரு நிமிஷத்தோடு முடிந்துவிட்டது. திடீர் சாவு இல்லை. தேதி எல்லோருக்கும் முன்னாலேயே தெரியும். (எல்லோருக்கும் என்பதில் நான் சேர்த்தி இல்லை.)

கொடுமை என்னவென்றால், லெட்ஸ் என்கிரிப்ட்டின் சொந்த மூலச் சான்றிதழும் எங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஆனால் ரகசியப் பேச்சைக் கவனிக்கும் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். 1.0.2 பழைய பெட்டியாயிற்றே! புதுச் சாவி சட்டைப் பையில் இருக்க, செத்துப்போன பெரியவர் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டு நின்றது. 1.1.0 முதலே இந்த வியாதி கிடையாது. 1.0.2-க்கோ 2019 கடைசியோடு பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

தூரத்திலிருந்தே சரி செய்யலாம் என்றால், அந்த வழியும் இதே கதவுதான்.

மறுநாள் காலை லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தேன். ஊசுட்டேரி ஓரமாக வில்லியனூர், கரிக்கலாம்பாக்கம் தாண்டி பாகூர் பக்கம். ஒவ்வொரு கொட்டகையாகப் போய், பெட்டியைத் திறந்து, கேபிளை மாட்டி, காலமான பெரியவரின் சான்றிதழை அழித்துவிட்டு அடுத்த ஊர். அழித்தால் ஓடியது. ஒரு கொட்டகையில் குளவிக் கூடு. இன்னொன்றில் சாவி வைத்திருந்தவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். முதல் நாள் ஆறு, மறுநாள் ஐந்து. பதினோராவது பெட்டியை மூடும்போது சென்னையிலிருந்து நண்பன் போன் செய்தான். புலம்பினேன்.

"டேய், இதுக்கு ஏன்டா ஊர் ஊரா சுத்தற? சர்வர்ல அந்தப் பெரியவர் கையெழுத்து இல்லாத சங்கிலியைக் கொடுன்னு மாத்தினா போதுமேடா. ஒரு வரி!"

வரப்பிலேயே உட்கார்ந்து மாற்றினேன். மீதி 32 பெட்டியும் கால் மணி நேரத்தில் பேசிவிட்டன. சந்தோஷப்படுவதா, வாய்க்காலில் குதிப்பதா என்று தெரியவில்லை.

முதலாளிக்கு ஏகக் குஷி. "அதான் ஒரு வரியில முடிஞ்சிருச்சே! அப்புறம் எதுக்கு அப்கிரேடு?"

நான் வேறு ஒரு ஓலையை நீட்டினேன். சிம் வழியாக நெட்டுக்குப் போக எங்கள் பெட்டி பயன்படுத்துவது பி.பி.பி.டி. என்ற நிரல். அதில் ஒரு பெரிய ஓட்டை 2020-ல் வெளியானது. 2.4.2 முதல் 2.4.8 வரை எல்லாவற்றிலும் உண்டு. 17 வருஷமாக யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. எங்களுடையது 2.4.7.

"பதினேழு வருஷமா எவனும் உள்ள வரலை. இனிமே எவன்டா வரப்போறான்?"

"கதவு திறந்திருக்குனு இத்தனை நாள் எவனுக்கும் தெரியாது சார். இப்ப விலாசத்தோட பேப்பர்ல போட்டாச்சு."

முதலாளி கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்தார். "சரி, பண்ணு" என்றார்.

நவம்பரில் ஆரம்பித்தேன். குறி வைத்தது 2021 பிப்ரவரி வெளியீட்டுக்கு. முடிப்பதற்குள் 2022 பிப்ரவரி வெளியீடே வந்துவிட்டது. நாலு வருஷத்தை ஒரே தாண்டலில் தாண்டினால் இடுப்பு பிடிக்கத்தான் செய்யும். ஒரு சாமானை மாற்றினால் அதை நம்பியிருக்கும் நாலு சாமான் கோபித்துக்கொள்ளும். கம்பைலர் புதுசு, பழைய நிரல்களில் உள்ள தப்பையெல்லாம் ஸ்கூல் வாத்தியார் மாதிரி வட்டம் போட்டுக் காட்டியது. ஓப்பன்-எஸ்.எஸ்.எல். இன்னும் மோசம். முன்பெல்லாம் அடுப்படி வரைக்கும் போய் நாமே குழம்பை ஊற்றிக்கொள்ளலாம், 1.1-லிருந்து, ஹாலில் உட்கார்ந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும். எங்கள் நிரல் அடுப்படியிலேயே வளர்ந்த பிள்ளை. இடம் இடமாகத் திருத்தினேன். லைசென்ஸ் கணக்கு எடுக்கும்போது வேறு தகராறு: ஒரு சாமானின் உரிமப் பத்திரத்தில் 2016 என்பதை 2021 என்று மாற்றியிருந்தார்கள், கைரேகை பொருந்தவில்லையாம்! ஒரு எழுத்தும் சட்டமும் மாறவில்லை, வருஷம்தான் மாறியது. அதையும் படித்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒரு தடவை நிஜமாகவே சட்டம் மாறியிருந்தால்?

எல்லாம் முடியும் நேரத்தில் பி.பி.பி.டி.யில் சீனியர் அண்ணன் வைத்திருந்த ஒட்டு ஒன்று ஒட்ட மறுத்தது. வெளியிலிருந்து வரும் நிரலில் நமக்கு வேண்டிய சின்ன மாற்றத்தைத் தனி சீட்டாக எழுதி வைப்பதுதான் ஒட்டு, பேட்ச். புது வெர்ஷனில் அக்கம்பக்கத்து வரிகள் மாறிவிட்டால் எங்கே ஒட்டுவது என்று தெரியாமல் விழிக்கும். திறந்து பார்த்தேன். கோப்பின் பெயர் 'தற்காலிகம்'. உள்ளே ஒரே வரி: ஏழு விநாடி தூங்கு. ஏன் என்று ஒரு எழுத்து விளக்கம் இல்லை.

தூங்குவதற்கா ஒரு பேட்ச் என்று தூக்கிப் போட்டேன். மேஜையில் மூன்று பெட்டி, பத்து நாள், பிசிறில்லாமல் ஓடின. வெற்றி!

ஏப்ரலில் சோதனைக்காக மூன்று வயல்களில் மாட்டினேன். நாலாம் நாள் சேலியமேட்டிலிருந்து போன்.

"தம்பி, கரண்ட் வந்து ரெண்டு மணி நேரமாச்சாம். பக்கத்து வயல்காரரு சொல்றாரு. என் போன்ல இன்னும் கரண்ட் இல்லன்னே காட்டுது. இதை நம்பி நான் வீட்டுல உக்காந்திருக்கேன், அங்க நாத்தங்கால் காயுது."

அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. "உங்களை நம்பித்தான்..." என்று இழுத்தார் பாருங்கள், அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

சிங்கப்பூருக்குப் போன் போட்டேன். அண்ணன் சிரித்தார்.

"கரண்ட் போய் வந்தா மோடம் முழிக்க ஏழு செகண்ட் ஆகும்டா. அதுக்குள்ள பி.பி.பி.டி. போய்க் கதவைத் தட்டினா ஆள் இல்லன்னு திரும்பிப் போயிடும். அப்புறம் வராது. ஆபீஸ்ல உனக்குத் தெரிஞ்சிருக்காது. யு.பி.எஸ். இருக்கே!"

"அதை ரெண்டு வரி எழுதி வெச்சிருக்கக் கூடாதாண்ணே?"

"தற்காலிகம்னுதானே போட்டேன்..."

ஒட்டை மறுபடி ஒட்டவில்லை. அடுத்தவர் நிரலுக்குள் நம் தூக்கத்தை ஏன் வைக்க வேண்டும்? எங்கள் சொந்தத் தொடக்க ஸ்க்ரிப்டில், மோடம் கண் விழித்ததா என்று பார்த்துப் பார்த்து, விழித்த பிறகே பி.பி.பி.டி.யைக் கிளப்பும்படி எழுதினேன். மேலே ஆறு வரியில் சேலியமேட்டுக் கதையையும் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன். நாளைக்கு நானும் சிங்கப்பூர் போகலாம் இல்லையா? மேஜைச் சோதனையில் இப்போது யு.பி.எஸ். கிடையாது. வாட்ச்மேன் தாத்தா, தோன்றும்போதெல்லாம் வந்து சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். அதற்கு ஒரு டீ.

அதன் பிறகு வருஷா வருஷம், பிப்ரவரி வெளியீடு வந்ததும் மாற்றிவிடுவது என்று வைத்துக்கொண்டேன், பொங்கலுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி. முதல் தாண்டலுக்கு நாலு மாசம், 2023-ல் ஓப்பன்-எஸ்.எஸ்.எல். 3-க்குப் போனது உட்பட ஒன்பது நாள். அந்த வருஷம் செப்டம்பரில் 1.1.1-க்கும் மூடுவிழா நடந்தது. நாங்கள் அதற்கு முன்பே கிளம்பியிருந்தோம்.

முதலாளி மட்டும் லேசில் விடுகிற ஆளில்லை. 2024 மார்ச்சில் எக்ஸ்.இஸட். என்ற சுருக்கும் நிரலில், உள்ளே இருந்த பராமரிப்பாளரே திருட்டு வாசல் வைத்த சேதி வந்தது. 5.6.0, 5.6.1 இரண்டிலும். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர், ரிமோட் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்டப் போய்க் கண்டுபிடித்தார். (அரை விநாடி! எங்கள் ஆபீஸில் அரை மணி லேட்டானாலும் யாரும் தோண்டுவதில்லை.)

"பாத்தியா? புதுசு புதுசுனு ஓடினவன் எல்லாம் மாட்டினான். நம்மகிட்ட என்ன இருக்கு?"

"அதுக்கு முந்தின வரிசை சார்."

"அதான் சொன்னேன்!"

பதில் சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டேன். அவர் சொன்னதிலும் பாதி நிஜம் இருக்கிறது. வந்த அன்றைக்கே பாய்வதும் ஆபத்து, வருஷக்கணக்கில் நகராமல் உட்கார்ந்திருப்பதும் ஆபத்து. எங்கள் பெட்டியின் சிப் வகைக்கு அந்தத் திருட்டு வாசல் குறி வைக்கவே இல்லை என்பதையும் நான் அவரிடம் சொல்லவில்லை. ஜெயித்த சந்தோஷத்தில் டீ வாங்கிக் கொடுத்தாரே!

ஒரு குறை மட்டும் பாக்கி. 16 எம்.பி. பெட்டிகளில் புது சிஸ்டம் அடங்கவில்லை. எல்லாவற்றுக்கும் புதுப் பெட்டியே மாற்றிக் கொடுத்தோம், இரண்டைத் தவிர. அந்த இரண்டும் குருவிநத்தத்தில் ஒரே பெரியவரின் கொட்டகைகளில் இருக்கின்றன. போன மாசமும் புதுப் பெட்டியோடு போய் நின்றேன். 2017 சாமான், 2.4.7, ஓட்டை எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"ஓடுதுல்ல தம்பி?" என்றார்.