பம்ப் நிற்கிறதா?

மிச்சிகனில் ஏப்ரல் கடைசி வந்தால் என் ஃபோன் ஓயாது. பனிக்காலம் முழுக்கச் சும்மா நின்ற டிராவல் டிரெய்லரை வெளியே எடுத்து, தொட்டியில் தண்ணீர் பிடித்து, சுவிட்சைப் போடுவார்கள். மோட்டார் ஓடும், குழாயில் தண்ணீர் வராது. "புது பம்ப் வாங்கிடவா?" என்பார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: குழாயை மூடினால் பம்ப் நிற்கிறதா?

டிரெய்லரில் இருப்பது 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து தானே ஓடும். மூடினால், பெரும்பாலான பம்புகளில் 55 பிஎஸ்ஐ வாக்கில் தானே நிற்கும். (ஓடவே இல்லையென்றால் அது மின்சாரக் கோளாறு. ஃபியூஸையும் எர்த் வயரையும் முதலில் பாருங்கள்.) எல்லாக் குழாயும் மூடியிருக்க, பத்து நிமிடத்துக்கொரு முறை 'டர்ர்' என்று ஒரு நொடி ஓடி அடங்கினால் எங்கோ கசிகிறது. எங்கு தடவியும் ஈரம் இல்லையென்றால் பம்புக்குள் இருக்கும் செக் வால்வைச் சந்தேகப்படுவேன். தண்ணீர் தொட்டிக்கே திரும்பிக்கொண்டிருக்கும்.

நிற்காமல் ஓடினால்? காலி வாட்டர் ஹீட்டர் நிரம்பப் பெரும்பாலும் 6 கேலன் வேண்டும், இரண்டு மூன்று நிமிடம் பொறுக்கலாம். அதற்கு மேலும் ஓடினால், ஊரில் கிணற்று மோட்டாருக்குச் சொல்வோமே, "காத்து வாங்குது" என்று, அதேதான். தள்ளும் பக்கத்து ஓட்டை சொட்டிக் காட்டிக்கொடுக்கும். இழுக்கும் பக்கத்து ஓட்டை பெரும்பாலும் சொட்டாது, காற்றை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் பாவம், பம்பின் மேல் பழி விழுகிறது.

போன வருடம் லடிங்டன் ஸ்டேட் பார்க்கில் ஒரு தமிழ்க் குடும்பம். "புது பம்பே மாட்டிட்டேன் அண்ணா, அப்பவும் வரல" என்றார் அந்தத் தம்பி. குரலில் அழுகை இருந்தது. உள்ளே இரண்டு சின்னப் பிள்ளைகள்.

சாப்பாட்டு மேசை பெஞ்சுக்கு அடியில் டார்ச்சோடு படுத்தேன். பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியின் கிண்ணம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். அதில் சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் சரம் சரமாகக் குமிழி. மூடியை இறுக்கினேன், குறையவில்லை. ஓ-ரிங்கும் நன்றாகவே இருந்தது. பக்கத்தில் ஒரு மூவழி வால்வு. பனிக்கு முன்னால் இளஞ்சிவப்பு ஆன்டிஃபிரீஸை கேனிலிருந்து உறிஞ்சிக் குழாய்களில் ஏற்றுவதற்கானது அது. அதன் கைப்பிடி பாதியில் நின்றிருந்தது. உறிஞ்சு குழாயின் வாய் காற்றில் தொங்கியது.

கைப்பிடியை மெல்லத் திருப்பினேன். குமிழி நின்றது. லேசாகக் கடகடத்துக்கொண்டிருந்த பம்பின் சத்தம் கனத்தது. சமையல் குழாய் இருமி இருமி இளஞ்சிவப்பாகத் துப்பியது, பிறகு தெளிந்தது. மூடச் சொன்னேன். பம்ப் நின்றது.

கழற்றிப் போட்ட பழைய பம்பை பேட்டரியில் மாட்டி, ஒரு வாளித் தண்ணீரில் குழாயை விட்டுப் பார்த்தோம். சில நொடிகளில் இழுத்துவிட்டது. அதற்கு ஒரு குறையும் இல்லை.