யாருடைய எண்கள்?

எண்ணுதல் உழைப்போடு பிறந்த கலை. வலை இழுத்தவன் பங்கு பிரிப்பதற்காக எண்ணினான். மந்தை மேய்த்தவன் மாலையில் ஆடு குறைந்ததா என்று பார்ப்பதற்காக எண்ணினான். அரசன் வரி வாங்குவதற்காக எண்ணியது அதற்குப் பின்னர்தான். உழைப்பவன் எண்ணுவதற்கும் ஆள்பவன் எண்ணுவதற்கும் இடையே ஒரு பெரும் வேறுபாடு உண்டு. அதை மனத்திற் கொண்டால்தான், திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஒரு சிறு விறாந்தையில் பிள்ளைகளுக்கு ஸ்பானிய மொழியில் ஒன்று முதல் பத்துவரை சொல்லிக்கொடுப்பதைப் பற்றி நான் ஏன் எழுத முற்படுகிறேன் என்பது வாசகர்களுக்கு விளங்கும்.

ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றபின், அயலிலுள்ள பிள்ளைகளை மாலையில் கூட்டிவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு வழக்கமாயிற்று. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வருவார்கள். கடற்படைத் தளத்தின் பக்கமிருந்து இரண்டொரு சிங்களப் பிள்ளைகளும் வருவார்கள். கைப்பேசிப் படங்களைப் பார்த்துப் பார்த்து, "ஊனோ, தோஸ், திரேஸ்" என்று அவர்கள் தாமாகவே பாடத் தொடங்கிவிட்டார்கள். அப்படியானால் அதை ஒழுங்காகவே படித்துவிடட்டும் என்று நான் முடிவு செய்தேன். ஏறத்தாழ 50 கோடி மக்கள் பேசும் மொழி அது. அதன் அரிச்சுவடியையேனும் அறிவதில் குற்றமென்ன?

அயல்வீட்டு நண்பர் ஒருவர் இதைக் கேட்டு முகஞ் சுளித்தார். "சிங்களமும் இங்கிலீசுமே ஒழுங்காய் வராத பிள்ளைகளுக்கு இது எதற்கு? வயிற்றுக்கு உதவுமா?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு அன்று நான் சொன்ன விடை பாதி விடைதான். மீதியைப் பிள்ளைகளே பின்னர் எனக்குத் தந்தார்கள்.

பத்துச் சொற்களை ஒப்புவிப்பது எண்ணுவதாகாது என்பதைச் சிறுவர்க்குக் கற்பிப்போர் எல்லாரும் அறிவர். ஐந்து புளியங்கொட்டைகளை முன்னே வைத்து, ஒவ்வொன்றையும் தொட்டு ஒவ்வொரு சொல்லைச் சொல்லி, இறுதிச் சொல்லே மொத்தத் தொகை என்று உணரும்போதுதான் குழந்தை எண்ணத் தொடங்குகிறது. தாய்மொழியில் அந்த வரிசை நாவிலே ஊறிவிட்டதால், பிள்ளை சிந்தியாமலே ஓடிவிடும். அயல்மொழியில் அப்படி ஓட முடியாது. ஒவ்வொரு கொட்டையிலும் நின்றுதான் போகவேண்டும். தமிழில் இடறிக்கொண்டிருந்த ஒரு சிறுவன், ஸ்பானிய எண்களில் நின்று நின்று போனபோதுதான் தொகை என்பது என்னவென்று கண்டுகொண்டான். அத்தோடு தன் மொழியின் அமைப்பும் அவனுக்குப் புலப்பட்டது. பத்தும் ஆறும் சேர்ந்து நம் மொழியில் பதினாறு ஆகிறது. ஸ்பானியத்திலும் பதினாறு என்பது 'பத்தும் ஆறும்' என்ற பொருளுள்ள சொல்லே. ஆனால் பதினொன்று முதல் பதினைந்துவரை அந்த ஒழுங்கு வெளிப்படையாகத் தெரிவதில்லை. "அப்ப நம்முடைய கணக்குத்தான் சுகம்" என்றான் அவன்.

இவ்விதம் சில நாட்கள் சென்றன. பாலையூற்றுப் பக்கமிருந்து வரும் ஒரு சிறுமி, மற்றவர்கள் "தோஸ், திரேஸ்" என்று கத்தும்போதெல்லாம் வாய் திறவாதிருந்தாள். ஒருநாள் நான் அருகிலழைத்துக் கேட்டேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சேர், இது எங்கட அம்மம்மா எண்ணுறதுதானே" என்றாள்.

அவள் பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை. வீட்டிலே அவர்கள் பேசுவது தமிழ். அம்மம்மாவின் நாவில் மட்டும் வேறொரு மொழி மிச்சமிருந்தது. மற்றவர் காதில் விழாமல் சில்லறையை எண்ணும்போது அது வெளியே வருமாம். சிறுமி விரல் மடக்கிச் சொன்னாள்: "உங், தோஸ், திரேஸ், காத்ரு, சிங்கு..." கூடியிருந்த பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். ஏழு கடலுக்கு அப்பாலிருந்து கைப்பேசி வழியே வந்ததென்று நினைத்தது, அடுத்த தெருவில் ஒரு கிழவியின் முந்தானை முடிச்சில் இருந்தது!

அது ஸ்பானியமன்று, அதன் உடன்பிறப்பான போர்த்துக்கேயத்திலிருந்து இம்மண்ணிலே விளைந்த மொழி. இந்த உறவுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1580 முதல் 1640 வரை போர்த்துக்கலின் முடியும் ஸ்பெயினின் முடியும் ஒரே தலையில் இருந்தன. 1620களில் தளபதி கொன்ஸ்தந்தினோ த சா கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு திருகோணமலையில் கோட்டை எழுப்பியபோது, அவன் பணிந்த மன்னன் ஸ்பெயினை ஆண்ட நான்காம் பிலிப்புத்தான். காணியையும் வரியையும் எண்ணிப் பதிந்த அவர்களுடைய ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். அச்சொல் நம் காணி உறுதிகளிலும் புகுந்தது. தோஸ், திரேஸ் என்ற எண்கள் இத்தீவில் முதலில் ஒலித்தது ஆள்பவனின் வாயிலேதான்.

ஆனால் ஆண்டவன் போய்விட்டான். 1639இல் ஒல்லாந்தர் திருகோணமலையைக் கைப்பற்றினர். 1658இல் போர்த்துக்கேய ஆட்சி இத்தீவை விட்டே நீங்கியது. அவனுடைய எண்கள் மட்டும் போகவில்லை. கலந்து பிறந்த மக்களின் வாயில், தச்சனின் பட்டறையிலும் கொல்லனின் உலையிலும் சப்பாத்துத் தைப்பவனின் வாங்கிலும் தையற்காரனின் நாடாவிலும் அவை வாழ்ந்தன. வரி எண்ணிய சொற்கள் பலகையின் அளவை எண்ணின, கூலியை எண்ணின. ஏகாதிபத்தியம் விட்டுச் சென்ற மொழியை உழைப்பாளி எடுத்துத் தன் கைக்கருவியாக்கிக்கொண்டான். மேசை, அலமாரி, ஜன்னல், சாவி, பாண் என்று நாமும் அவ்வழியே வந்த சொற்களைப் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். மேசை ஸ்பானியனுக்கும் மேசாதான் என்றபோது பிள்ளைகள் கைகொட்டி மகிழ்ந்தார்கள்.

அந்த அம்மம்மாவை விறாந்தைக்கு அழைத்துவர விரும்பினேன். முதலில் அவர் இணங்கவில்லை. "வேண்டாம் சேர். இதைப் பேசினதுக்குச் சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கினனான். உடைஞ்ச பாஷை, சப்பாத்துத் தைக்கிறவன்ர பாஷை எண்டு சிரிச்சினம். என்ர பிள்ளைகளுக்கே நான் சொல்லிக் குடுக்கேல்லை" என்றார். ஒரு தாய் தன் நாவைத் தன் மக்களுக்கே ஒளித்த கதை இது. மொழியைக் கொல்வதற்குச் சட்டம்கூட வேண்டியதில்லை, ஏளனம் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டமும் வராமலில்லை. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தின் பின்னர், ஆங்கிலம் கற்ற வசதியுள்ள பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். கிழக்கிலங்கையின் பட்டறைப் பறங்கியரிற் பலருக்குப் பயணச்சீட்டு வாங்கப் பணமில்லை, இங்கேயே இருந்தார்கள். தமக்குச் சட்டத்தினால் இழைக்கப்பட்டதைத் தமிழர் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது. ஆயினும் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நம்மிலும் சிறிய ஒரு கூட்டத்தின் மொழியைப் பார்த்துச் சிரித்தவர் யார் என்றும் நாம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

பேத்தியின் பிடிவாதத்தால் அவர் ஒருநாள் வந்தார். பாய் விரித்து அமர்ந்து, புளியங்கொட்டைகளைக் கையில் எடுத்தார். ஐந்துவரை மெல்லிய குரலில். அதன்பின் குரல் நிமிர்ந்தது. எட்டைத் தாண்டி "நோவி" என்றதும், ஒரு சிங்களச் சிறுவன் துள்ளி எழுந்து, "எங்களுக்கு நவய!" என்றான். அடுத்து அவர் "தேஸ்" என்றார். அவன் "தஹய" என்றான். நவராத்திரியின் நவமும் தசமியின் தசமும் அதே குடும்பமல்லவா என்று ஒரு தமிழ்ச் சிறுமி கேட்டாள். வடமொழியும் சிங்களமும் போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் ஒரே மொழிக்குடும்பத்துக் கிளைகள் என்பதை நான் ஒரு சொற்பொழிவு செய்து விளக்கவேண்டியிருக்கவில்லை. அம்மம்மாவோ, பேச்சைக் குறுக்கிட்டு, சிறுவன் ஒரு கொட்டையை இருமுறை எண்ணிவிட்டான் என்று கண்டித்துக்கொண்டிருந்தார்.

உடைந்த பாஷை என்று சொன்னவர்கள் அறியாத செய்தி ஒன்றுண்டு. அறிஞர் இயன் ஸ்மித் மட்டக்களப்புப் போர்த்துக்கேயத்தை ஆராய்ந்து எழுதிய நூல் 1978இல் திருவனந்தபுரத்தில் வெளியாயிற்று. அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹூகோ கார்தோசோவும் அவருடைய குழுவினரும் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் இம்மொழி பேசுவோரின் குரல்களைப் பதிந்து ஆவணமாக்கியுள்ளனர். சொற்கள் போர்த்துக்கேயத்தினவாக இருக்க, வாக்கியம் தமிழைப் போலவே வினையில் முடிகிறது. வேற்றுமை உருபுகளும் தமிழ்ப் போக்கில் சொல்லின் பின்னே வருகின்றன. ஆக, அந்த மொழியின் முதுகெலும்பு நம் முதுகெலும்பு. அதைப் பார்த்துச் சிரித்தவர் தம் தாய்மொழியின் சாயலைப் பார்த்தே சிரித்தனர்.

ஒலிப்பதிவுகள் மிக மேலானவை. ஆயினும் ஒரு மொழி பேழையில் இருப்பது வேறு, குழந்தையின் வாயில் இருப்பது வேறு. பத்துச் சொற்களால் ஒரு மொழி பிழைத்துவிடும் என்று நான் ஏமாறவில்லை. ஆனால் பத்துச் சொற்களால் ஒரு கிழவியின் வெட்கம் நீங்கலாம். அவ்வெட்கம் நீங்காமல் பதினோராவது சொல் வரப்போவதில்லை.

நண்பரின் கேள்விக்கு எஞ்சிய விடை இதுதான். தொலைவிலுள்ள மொழியை மதிப்போடு கற்கும் பிள்ளை, பக்கத்து வீட்டு மொழியைக் கேட்கும் காதைப் பெறுகிறது. இந்தத் துறைமுகத்தை வந்தவரெல்லாம் எண்ணினார்கள்: கப்பலை எண்ணினார்கள், பீரங்கியை எண்ணினார்கள். 2022இலும் சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை 61, 24, 14 என்று பங்கிட்டு ஒப்பந்தம் எழுதினார்கள். இங்கு வாழும் மக்களின் நாவுகளை எண்ணிப் பார்க்கும் வேலை நம்முடையது. அதில் ஒன்று குறைந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்.