காலதர்

சாளரத்திற்குக் ‘காலதர்’ என்றொரு பெயர் தமிழில் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. ஒளியினும் காற்றையே முன்வைத்த சொல் அது.

நெகிரி செம்பிலான் இரப்பர்த் தோட்டங்களின் பழைய லயங்களில் தாய்மார் விறகடுப்புப் புகையை நாள்தோறும் சுவாசித்தனர். பலகைச் சுவரின் இடுக்குகளே அப்புகைக்குப் போக்கிடமாயின. பின்னர்த் தோட்டங்களை விட்டுத் தாமான்களில் குடியேறியோர் பலர். புகையடுப்பு ஒழிந்தது, ஆயின், குளிரூட்டியின் பொருட்டுக் காலதர் அடைபட்டது.

இவ்வழியில் மேலைநாட்டார் முன்னரே சென்று மீண்டனர். 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், எரிசக்தியைச் சேமிக்கக் கட்டடங்களை இறுக மூடினர். உள்ளிருந்தோரைத் தலைவலியும் கண்ணெரிச்சலும் சோர்வும் வருத்தின. வெளியே வந்ததும் அவை அகன்றன. ஆளொருவருக்கு நிமிடத்திற்கு 5 கன அடியாகக் குறைந்திருந்த புதுக்காற்றின் சிற்றளவை அமெரிக்க நெறிமுறை 1989-இல் 15 ஆக உயர்த்திற்று. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு நெறிமுறையோ, மூடிய பணியிடத்துக் காற்றின் பத்து இலட்சம் பங்கில் கரியமிலவாயு 1000 பங்கை மீறலாகாது என்றது. முப்பது பிள்ளைகள் அடைத்த அறையில் அமர்ந்தால் அவ்வெல்லை விரைவிலேயே கடந்துபோம்.

புகைமூட்ட நாள்களில் சாளரத்தை மூடுதல் தகும். ஏனைய நாள்களில் கூரைக்கு நிழலும் காற்றுக்கு வழியும் அமைந்தால், மின்செலவு குறையும், மூச்சும் தழைக்கும். காலதர் என்னும் சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், வகுப்பறையில் அதனைத் திறந்தும் வைத்தல் வேண்டும்.